கப்பலுக்கு ஏது கை?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்.

பாம்பன்லருந்து எழுதுறேன். இப்ப தடைக்காலம், ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது, அதனால பேப்பர மொத பக்கத்துலருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசிக்க நேரம் கெடக்கு. போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல இங்கிலீஷ்லருந்து மொழிபெயர்த்து ஒரு கப்பல் கதை போட்டிருந்தீங்க. கத நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா முடியும்போது 'புயலில் அந்தக் கப்பல் தன் எல்லாக் கைகளோடும் காணாமல் போனது'ன்னு முடிச்சிருந்தாங்க. டீக்கடை பெஞ்சுல எங்க அக்கா பேரன் அத சத்தமா வாசிச்சுட்டு "தாத்தா, கப்பலுக்கு எத்தன கை?"ன்னு கேட்டான் பாருங்க, கடையே சிரிச்சிருச்சு, நானும்தான் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் சிரிக்கிற வரியே இல்ல இதுன்னு உறைச்சது.

இங்கிலீஷ்ல அது 'லாஸ்ட் வித் ஆல் ஹேண்ட்ஸ்'னுதான் இருந்திருக்கும். அங்க ஹேண்டுன்னா கை இல்லைய்யா, ஆளு. கப்பல்ல வேலைக்கு இருக்கிற ஆளு. அதாவது போனவங்கள்ல ஒருத்தரும் திரும்பலன்னு அர்த்தம். அத்தன பேரு செத்துப்போன சேதிய நீங்க கைக்கணக்கு ஆக்கிட்டீங்க.

எனக்கு இது எப்படித் தெரியும்னா நான் படிச்சு தெரிஞ்சுக்கல, அசிங்கப்பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். வளைகுடாவுல பெரிய கப்பல இழுக்குற டக் போட்டுல பதினோரு வருஷம் டெக் ஹேண்டா, அதாவது மேல்தட்டு வேலையாளா இருந்தேன், போன மொத வாரத்துல ஒருநாள் ராத்திரி காத்து ஏறிருச்சு, மேலருந்து "ஆல் ஹேண்ட்ஸ்"னு கத்துறாங்க, நான் என்ன நெனச்சேன், ரெண்டு கையும் தூக்கச் சொல்றாங்கன்னு நெனச்சு தூக்கிட்டு நின்னேன். டெக் ஆளுகளுக்குத் தலைவரா இருந்த மலையாளத்து சாரங்கு ஒருத்தரு, நல்ல மனுஷன், கயிறு இழுத்துக்கிட்டே சிரிச்சு சிரிச்சு கீழ விழப் பாத்தாரு. அப்புறம் அவருதான் சொன்னாரு, எல்லாரும் மேல வாங்கடான்னு அர்த்தம், உன் வேலைக்கே டெக் ஹேண்டுன்னுதானே பேரு, உனக்கு உன் பேரே தெரியலயான்னு. வயக்காட்டுல கூலிக்கு நிக்கிறவன் பார்ம் ஹேண்டு, மில்லுல வேலை செய்றவங்களையும் அந்தக் காலத்துல வெறும் ஹேண்ட்ஸ்னுதான் சொல்லியிருக்காங்க. மொதலாளிக்கு வேண்டியது கைதானே, மத்ததெல்லாம் கூட ஒட்டிக்கிட்டு வருது. ரொம்ப நாளு பழகி தொழில் தெரிஞ்சவன ஓல்ட் ஹேண்டும்பாங்க, நம்ம ஊருல பழம் தின்னு கொட்ட போட்டவன்னு சொல்றோமே அது.

ஆனா அதே வாரத்துல "கிவ் மி எ ஹேண்ட்"னு ஒருத்தன் சொன்னப்ப எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கல. ஏன்னா வல்லத்த கரையேத்தும்போது நாங்க சொல்றதும் அதேதான், "ஏய் மாப்ள, ஒரு கை பிடி". ரெண்டு பாஷையும் ஒரே மாதிரி போற எடம் நெறைய இருக்கு. பொறுப்ப உதறிட்டுப் போறவன நாம கைகழுவிட்டான்னு சொல்றோம், இங்கிலீஷ்லயும் அதேதான், அவங்களுக்கு அது இயேசுவ சாகக் குடுத்துட்டு கையக் கழுவின பிலாத்து கதைலருந்து வந்தது, பெரிய வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறவங்க எல்லாருக்கும் தெரியும். வலது கைன்னா ரெண்டுலயும் நம்பிக்கையான ஆளு. களவும் கையுமா பிடிச்சேன்னு சொல்றது அங்க ரெட் ஹேண்டட், கையில ரத்தத்தோட பிடிபட்டவன்னு ஸ்காட்லாந்து கோர்ட்டு பேச்சுலருந்து வந்ததாம்.

ஒரே மாதிரி போகுதேன்னு நம்பி கூடவே போனா அடுத்த திருப்பத்துல காலை வாரிவிட்ரும், அங்கதான் உங்க மொழிபெயர்ப்பாளரு விழுந்தது. கடிகாரத்துல ஓடுறது அவங்களுக்கு கை, நமக்கு முள்ளு. செகண்ட் ஹேண்டுன்னா அந்த நொடி முள்ளாவும் இருக்கலாம், நான் ராமநாதபுரத்துல வாங்கி ஏமாந்த பழைய இன்ஜினாவும் இருக்கலாம். மேடையில மைக்க பிடிச்சவரு "பிக் ஹேண்ட்"னு கேட்டா நாம கை தட்டணும். பொண்ணோட ஹேண்ட கேட்டான்னா பொண்ணு கேட்டான்னு அர்த்தம், நம்மகிட்ட கல்யாணத்துக்கு அப்புறம்தான் கை வரும், கைப்பிடிச்சவன்னு. குதிரைக்கு உயரம் சொல்றதும் ஹேண்டுதான், ஒரு ஹேண்டு நாலு இஞ்சு, பதினஞ்சு ஹேண்டு குதிரைன்னா பதினஞ்சு கை இருக்குன்னு எழுதிறாதீங்கய்யா. நாமளும் பூவ முழத்துல அளக்குறவங்கதானே, கடல் ஆழத்த பாகத்துல சொல்றவங்கதானே. ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், ஆறு அடி. இங்கிலீஷ்காரன் கடல் வரைபடத்துல ஆழத்துக்குப் போடுற ஃபேதமும் பழைய காலத்துல விரிச்ச கைதானாம், கடல்ல போறவனுக்கு கையிலயே அளவுகோல் இருக்கும்போது வேற என்னத்த தேடுவான். கையெழுத்துலயும் அப்படி ஒண்ணு இருக்கு, அவங்க பழைய இங்கிலீஷ்ல நல்ல ஹேண்டுன்னா அழகா எழுதுறான்னு அர்த்தம். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும், தலையெழுத்துதான் டெக்குல போய் கயிறு இழுக்க வச்சது.

ஆளு கணக்குக்கு வர்றேன். இங்கிலீஷ்காரன் உழைக்கிறவன கையால எண்ணுறான், சாப்பிடுறவன வாயால எண்ணுறான். நமக்கும் வாய் கணக்கு உண்டு, சம்பாதிக்கிறவன் ஒருத்தன் திங்கிற வாய் அஞ்சுன்னு வீட்டுக்கு வீடு பொலம்புறதுதான். காசு பிரிக்கிறதுன்னா மட்டும் ரெண்டு பேரும் தலைக்கு வந்துருவோம், தலைக்கு இவ்வளவுன்னு, எங்க பக்கத்து ஊருகள்ல திருவிழாவுக்கு தலைக்கட்டு வரின்னே வாங்குவாங்க. ஆனா கூலியாள கைன்னு எண்ணுற வழக்கம் நம்மகிட்ட கிடையாது, படகுக்கு இன்னைக்கு ரெண்டு ஆளு குறையுதுன்னுதான் சொல்லுவோம், ரெண்டு கை குறையுதுன்னு சொன்னா ஏதோ ஆக்ஸிடண்டுன்னு ஓடி வருவாங்க.

இந்த மாதிரி எடத்துல என்ன செய்யணும்னு நம்ம ஆளுங்க ரொம்ப நாளைக்கு முன்னாலயே செஞ்சு காட்டியிருக்காங்க. ஊசியில நூல் கோக்குற ஓட்டைக்கு இங்கிலீஷ்ல கண்ணுன்னு பேரு, ஐ ஆஃப் எ நீடில். நமக்கு அது காது. இங்கிலீஷ் பைபிள்ல ஒட்டகம் ஊசிக் கண்ணுலதான் நுழையும், நம்ம தமிழ் பைபிள்ல 'ஒட்டகமானது ஊசியின் காதிலே நுழைவது'ன்னு இருக்கு. எழுதினவருக்கு ஊசி கோத்துப் பழக்கம் இருந்திருக்கும், இல்லன்னா கோக்குற யார்கிட்டயாவது கேட்டிருப்பாரு. அத வாசிச்சுட்டு எங்க ஊருல யாரும் ஊசிக்கு எத்தன காதுன்னு கேக்கல.

சின்னப் புள்ளைங்க பக்கம்தானே, ஒரு வரிக்கு இவன் ஏன் இப்படி மல்லுக்கு நிக்கிறான்னு நெனப்பீங்க. பாம்பன்ல இருந்துக்கிட்டு அந்த வரிய சும்மா தாண்டிப் போக முடியல. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடிக்குப் போன ரயிலு கடலோட போச்சு, நூறு பேருக்கு மேல, அந்தக் கத கேக்காம இங்க எந்தப் புள்ளையும் வளரல. படகோட போய் வராதவங்க எங்க தெருவுலயே உண்டு. அந்த வீட்டுப் புள்ளைங்களும் உங்க சிறுவர் பக்கத்த வாசிக்கிறவங்கதான். 'கப்பலில் போன ஒருவர்கூடக் கரை திரும்பவில்லை'ன்னு எழுதியிருந்தா போதும், ஒரு வார்த்தை கஷ்டம் இல்லாம அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும்.

அன்னைக்கு சாயங்காலம் நான் பேரனக் கூப்பிட்டு அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "கப்பல்ல சமையல் பண்றவருமா தாத்தா?"ன்னு கேட்டான், கதையில அவனுக்குப் பிடிச்சது அந்த சமையக்காரரதான். அவரும் ஒரு ஹேண்டுதாண்டான்னு சொன்னேன்.

அடுத்த ஞாயித்துக்கிழமை திருத்தம் போடுங்கய்யா, சின்ன எழுத்துல மூலையில போட்டாலும் சரி.

இப்படிக்கு,
பழைய டெக் ஹேண்டு ஒருத்தன்,
பாம்பன்.