பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு: காசு கட்டும் பக்கத்தையும் கொஞ்சம் சோதியுங்கள்

மதிப்புக்குரிய தலைவருக்கும் உத்தியோகத்தர்களுக்கும்,

கொழும்பில் ஒன்லைன் கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுக்கிற வேலை எனக்கு. புறக்கோட்டையில் ஒரு கடைக்காரர் விலைப்பட்டியலைத் தொங்கவிடாவிட்டால் உங்கள் அதிகாரிகள் போய் வழக்குப் போடலாம், உங்கள் அதிகார சபையின் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 26 ஆம் பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அதே கடைக்காரர் ஒன்லைனில் ஒரு விலையைக் காட்டி, காசு கட்டும் பக்கத்தில் வேறொரு விலையை எடுத்தால் யாரும் போய்க் கேட்பதாகத் தெரியவில்லை.

ஒரு ரைஸ் குக்கரை வைத்துச் சொல்கிறேன். முகப்பில் 6,990 ரூபாய். பெயர், முகவரி, போன் இலக்கம் எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் டெலிவரி 450, ‘சேவைக் கட்டணம்’ 120 என்று வரும். அதற்கும் கீழே ‘பொருள் பாதுகாப்புத் திட்டம்’ என்று 350 ரூபாய், பெட்டியில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும், போட்டது நீங்கள் இல்லை. மொத்தம் 7,910. போனில் பார்க்கிறவருக்கு அந்த டிக் கண்ணில் படுவதற்கு முன்பே ‘ஓடரை உறுதிசெய்’ என்ற பெரிய பட்டன் வந்துவிடும். முகப்பைத் தமிழில் வைத்திருக்கிற சில தளங்கள்கூட இந்தப் பக்கத்தை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டிருப்பார்கள். மேலே ஒரு 10 நிமிடக் கடிகாரம் பின்னோக்கி ஓடும். பக்கத்தை ரீஃப்ரெஷ் பண்ணிப் பாருங்கள், பல தளங்களில் அது திரும்பவும் 10:00 இல் தொடங்கும்! சலுகைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆளை அவசரப்படுத்த எழுதிய நாலு வரி கோட், அவ்வளவுதான்.

350 ரூபாய்க்காக யார் உங்கள் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்யப் போகிறார்? அவர்களுடைய கணக்கே அதுதான். பொருள் வந்த பிறகு காசு கொடுக்கிற ஓடராக இருந்தால், வாசலில் நின்று ஏச்சு வாங்குவது டெலிவரிப் பையன்.

இதைத் திருத்துவது பெரிய வேலையா என்றால், இல்லை. டிக்கை எடுக்கக் கோட்டில் ஒரு சொல்லை அழித்தால் போதும். மாவட்டத்தை முதலிலேயே கேட்டுவிட்டால் டெலிவரியும் சேர்ந்த விலையைப் பொருளின் பக்கத்திலேயே காட்டலாம். ‘வேண்டாம்’ என்பதைச் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாகப் போடாமல் மற்றப் பட்டனின் அளவுக்கே போடலாம். பொய்க் கடிகாரத்தைத் தூக்கிவிடலாம்.

ஆனால் முதலாளிமாரிடம் இதைச் சொன்னால் ஒரே பதில்தான்: “பக்கத்துக் கடைக்காரன் 6,990 என்று போடும்போது நான் மட்டும் 7,560 என்று போட்டால் யார் வருவான்?” அது நியாயமான கேள்வி என்றுதான் நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் டிக்கெட் விற்கிற ஸ்டப்ஹப் தளம் 2014 இல் கட்டணமெல்லாம் சேர்த்த முழு விலையை முதலிலேயே காட்டத் தொடங்கியது. அடுத்த வருடம் சோதனை வைத்துப் பார்த்தபோது, கட்டணத்தைக் கடைசியில் காட்டினால் ஆட்கள் ஏறக்குறைய 21 சதவீதம் கூடச் செலவழிக்கிறார்கள் என்று தெரிந்தது. பிறகென்ன, பழையபடி ஒளித்துவிட்டார்கள். தனியொரு கடை நேர்மையாக இருந்தால் அந்தக் கடைக்குத்தான் நட்டம். எல்லாருக்கும் ஒரே விதி என்று மேலேயிருந்து வந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை, எங்களைப் போன்றவர்களுக்கும் முதலாளியின் மேசையில் வைக்க ஒரு தாள் கிடைக்கும்.

வெளியில் இதெல்லாம் எப்போதோ தொடங்கிவிட்டது. முன்கூட்டியே டிக் போட்டு மேலதிகக் காசு எடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2011 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைப் பணிப்புரையிலேயே தடுத்தது. இந்தியா 2023 நவம்பரில் இப்படியான 13 தந்திரங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு வழிகாட்டல் வெளியிட்டது. கேட்காமல் கூடைக்குள் பொருள் போடுவது, பொய் அவசரம் காட்டுவது, விலையைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது எல்லாம் அதில் இருக்கின்றன.

நமக்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதே 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, பாவனையாளரைத் தவறாக வழிநடத்துகிற, அல்லது வழிநடத்தக்கூடிய எந்த நடத்தையையும் வியாபாரிகளுக்குத் தடை செய்கிறது. கடை சுவருக்குள் இருக்க வேண்டும் என்று அதில் இல்லையே. 10 ஆம் பிரிவின் கீழ் விலை குறிப்பது, விற்பது பற்றிப் பணிப்புரை விடுக்கிற அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யச் சொல்லவில்லை. முதலில் அந்த டிக்கையும் ஒளித்த கட்டணத்தையும் பிடியுங்கள், சந்தா, ரத்து செய்வது பற்றியதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அதிகாரிகள் ஒவ்வொருவரும் சொந்தப் போனிலேயே ஒரு ஓடரைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோய் ஸ்கிரீன்ஷொட் எடுத்தாலே போதிய சாட்சி கிடைக்கும். பணிப்புரையின் வரைவைத் தயாரித்ததும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒன்றாகவே வெளியிட்டு, கடைக்காரரோடு இந்தப் பக்கங்களைக் கட்டுகிற எங்களையும் கருத்துச் சொல்லக் கூப்பிடுங்கள். எந்தப் பெட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டித் தருகிறோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு இணையத்தள வடிவமைப்பாளர்