வண்டியை நிறுத்தச் சொன்ன பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நேற்று ராத்திரி வீடு வந்து சேர்ந்தோம். மன்னார்குடியிலிருந்து ஜோத்பூருக்கு வாரம் ஒரு தடவை ஓடுகிற ரயிலில்தான் போய் வந்தோம். அம்மாவுக்குக் கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, மற்றபடி நலம். கோட்டை, அரண்மனை படங்களை அவள் அனுப்புவாள். நான் எழுத உட்கார்ந்தது ராஜஸ்தானில் பிஷ்னோய் என்கிற சமூகத்தார் வாழும் ஒரு கிராமத்தில் இருந்த ஒரு நாளைப் பற்றி. போனில் ஆரம்பித்தால் நீ வேலைக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடும், பாதியில் நிற்கும்.

ஊர் பேர் குடா பிஷ்னோயியான். ஜோத்பூருக்குப் பக்கம்தான். ஏரிக்கரையில் ஜீப்பை விட்டு இறங்கியதும் கண்ணில் பட்டது வெளிமான் கூட்டம். நம் கோடியக்கரையில் இருக்கிறதே, அதே மான்தான். முறுக்குக் கொம்பு, கறுத்த முதுகு, வெள்ளை வயிறு. ஆனால் கோடியக்கரை மான் நம்மைக் கண்டதும் தலையைத் தூக்கும், அடுத்த நொடி காணாமல் போகும். இங்கே ஒருவருடைய கடுகு வயலில் நின்று மேய்கின்றன. வயல்காரர் பக்கத்திலேயே குனிந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். ஒரு கல்லைக்கூட எடுக்கவில்லை. பட்டாளத்தில் கற்ற இந்தியை வைத்து, "உங்களுக்கு நஷ்டம் இல்லையா?" என்று கேட்டேன். "அது அவற்றின் பங்கு. விதைக்கும்போதே தெரியும்" என்றார். சாமிக்குப் படைக்கிறோம் என்கிற மாதிரி பெருமையாகச் சொல்லவில்லை. அண்ணன் தம்பி பாகத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

ஜாம்போஜி என்ற குரு 1485இல் பிகானேர் பக்கம் ஒரு மணல்மேட்டில் தொடங்கிய மார்க்கம் இவர்களுடையது. மொத்தம் 29 நெறிகள். பீஸ் என்றால் இருபது, நௌ என்றால் ஒன்பது, அதிலிருந்துதான் பிஷ்னோய் என்கிறார்கள். பச்சை மரத்தை வெட்டக் கூடாது, உயிர்களிடம் இரக்கம் வேண்டும் என்பதெல்லாம் அதில் வருகிறது. இந்துக்கள்தான், ஆனாலும் இறந்தவர்களை எரிப்பதில்லை, புதைக்கிறார்கள். எரித்தால் விறகுக்கு மரம் போகுமே.

அங்கே எங்கு பார்த்தாலும் நிற்கிற கேஜ்ரி மரம் எது தெரியுமா? நம் வன்னி மரம்தான். விஜயதசமிக்குக் கோயிலில் அம்பு போடுவார்களே, அதே வன்னி. அதன் காயைக் காயவைத்துச் சமைக்கிறார்கள், தழையை ஆட்டுக்குப் போடுகிறார்கள். அம்மா அந்தக் காய் கால் கிலோ வாங்கி வந்திருக்கிறாள். புளி சேர்த்து வத்தக்குழம்பு வைக்கப் போகிறாளாம்.

1730இல் ஜோத்பூர் ராஜா புது அரண்மனைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று கேஜர்லி ஊருக்கு ஆட்களை அனுப்பினார். அம்ரிதா தேவி என்ற பெண் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு தலை போய் ஒரு மரம் மிஞ்சினாலும் அது மலிவுதான் என்று அவர் சொன்னதாக இன்றும் சொல்கிறார்கள். அவரை வெட்டினார்கள். அவருடைய மூன்று பெண்களையும் வெட்டினார்கள். சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்க நிற்க, 363 பேர் செத்தார்கள். அப்புறம்தான் ராஜா நிறுத்தச் சொன்னார். அந்த ஊருக்கும் போனோம். அம்மா அந்த வன்னி நிழலில் ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று பெண்கள் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சரி, உனக்கு எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மத்தியானம் ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களுக்குக் கம்பு ரொட்டி போட்டார்கள். முற்றத்தில் சிங்காரா என்கிற சின்ன மான் வகையின் குட்டி ஒன்று படுத்திருந்தது, முன்னங்காலில் துணிக்கட்டு. வீட்டு அம்மா, என் வயதுதான் இருக்கும், பால் புட்டியை அதன் வாயில் கொடுத்தார். குட்டி ஒழுங்காக உறிஞ்சவில்லை. பால் தாடையில் வழிந்தது. அவர் புட்டியை எடுத்துவிட்டுக் கட்டை விரலைப் பாலில் நனைத்து வாய்க்குள் வைத்தார். அது விரலைச் சப்ப ஆரம்பித்ததும், விரலோடு சேர்த்துப் புட்டியை மெதுவாக உள்ளே விட்டார். நீ கைக்குழந்தையாக இருந்தபோது உன் பாட்டி இப்படித்தான் செய்வாள். தாய் செத்த குட்டிக்குத் தாய்ப்பாலே கொடுத்த பெண்களும் இந்தச் சமூகத்தில் உண்டு.

அப்போது வயல் பக்கம் நாய் குரைத்தது. அந்த அம்மா புட்டியை என் கையில் திணித்துவிட்டு, கதவோரம் இருந்த கம்பை எடுத்துக்கொண்டு ஓடினார். செருப்புக்கூடப் போடவில்லை. பக்கத்து வீடுகளிலிருந்தும் நாலு பேர் ஓடினார்கள். இப்போது அங்கே மான்களுக்குப் பெரிய எமன் தெருநாய்கள்தானாம். முள்கம்பி வேலியில் மான் மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது.

எனக்குக் கோடியக்கரை ஞாபகம் வந்தது. உனக்கு எட்டு வயது. வேதாரண்யம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். இரண்டு நாய்கள் ஒரு மான்குட்டியைத் துரத்தின. "அப்பா, வண்டிய நிறுத்துங்கப்பா" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் நிறுத்தவில்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள், நமக்கு எதற்கு என்றேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. பிடிவாதம் என்று உன்னைத் திட்டவும் செய்தேன். அன்று நீ கேட்டது நியாயம், பாப்பா. நான் செய்தது தப்பு. புட்டியைப் பிடித்துக்கொண்டு அந்த முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது வேறெதுவும் தோன்றவில்லை.

அந்த அம்மா மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், மான் தப்பிவிட்டது என்று கையைக் காட்டினார், ஆறிப்போன ரொட்டியை எடுத்துத் தின்றார்.

இவர்களின் பிடிவாதம் சின்னது இல்லை. 1998இல் காங்கானி கிராமத்தில் வெளிமான் வேட்டையாடியதாக ஒரு பெரிய இந்தி நடிகர் மேல் வழக்குப் போட வைத்தவர்கள் இவர்கள்தான். 2018இல் ஐந்து வருஷ தண்டனை அறிவிக்கும் வரை 20 வருஷம் விடாமல் நின்றார்கள். அவர் மேல்முறையீடு செய்திருக்கிறார், அது வேறு. சாட்சி சொன்னவர்கள் சாதாரண கிராமத்து ஆட்கள். இப்போது பிகானேர் பக்கம் சோலார் நிலையங்களுக்காக வன்னி மரங்களை வெட்டுகிறார்கள் என்று போராடுகிறார்கள். சோலார் நல்லதுதானே என்று நான் நினைத்திருந்தேன். வெட்டாமல் வைக்க இடமா இல்லை என்று அந்த வயல்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

லீவு கிடைத்ததும் சொல். கோடியக்கரைக்குப் போகலாம், நானே வண்டி ஓட்டுகிறேன். நீ எங்கே நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துகிறேன்.

அன்புடன்,
அப்பா