வெள்ளிக்கிழமை வாய்ப்பாடு

திருவல்லிக்கேணி,
சென்னை - 5.

அன்புள்ள கோமதி,

பேரனுக்குக் காதுகுத்து நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். போட்டோவில் அவன் வாயைத் திறந்திருக்கிற அழகைப் பார்த்தால் தாய்மாமன் காது இன்னும் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இங்கே எல்லாரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நல்லவேளையாக நாலாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் உன் வீட்டுத் திண்ணைக்கு வரும் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்லச் சொன்னால், "அதெல்லாம் பழைய முறை அத்தை" என்று மருமகள் சிரிக்கிறாள் என்றாயே. அவளும் முழுக்கத் தப்பாகச் சொல்லவில்லை, நீயும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ராகம் போட்டுச் சொல்வது காதுக்கு நல்லது. ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு என்று வகுப்பே சேர்ந்து சொல்லும்போது, பின்வரிசையில் பேசாமல் இருக்கும் பிள்ளைக்கும் வாய் திறக்கிறது. தகராறு அதற்கப்புறம்தான். "ஏழெட்டு எவ்வளவுடா?" என்று தனியாக ஒருவனைக் கேட்டுப் பார். கண் விட்டத்துக்குப் போகும், உதடு அசையும். ஓரெட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு படியாக ஏறித்தான் ஐம்பத்தாறுக்கு வந்து சேருவான். அவனுக்குத் தெரிந்தது பாட்டு. அதன் நடுவிலிருந்து ஓர் அடியை மட்டும் உருவி எடுக்க வரவில்லை. நான் வாராவாரம் செய்வதெல்லாம் அந்த வரிசையைக் கலைத்துவிடுவதுதான்.

திங்கள் முதல் வியாழன் வரை, வருகைப் பதிவு முடிந்ததும் ஐந்து நிமிஷம். ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து சொல்வார்கள். பிறகு நான் முன்னும் பின்னுமாகக் கேட்பேன். அதைவிடப் பயன் தருவது தலைகீழ்க் கேள்வி. "ஐம்பத்தாறு யாரும் யாரும் பெருக்கினால் வரும்?" என்று கேட்டால் ஏழும் எட்டும் மாட்டும். இருபத்துநாலு என்றால் வகுப்பே இரண்டுபடும். மூவெட்டு என்று ஒரு கூட்டம், நாலாறு என்று ஒரு கூட்டம், எங்கிருந்தோ ஈர்பன்னிரண்டு என்று ஒரு குரல். வகுத்தல் பாடம் வரும்போது இந்தப் பிள்ளைகளுக்குப் பாதி வேலை முடிந்திருக்கும்.

எந்த வாய்ப்பாடு முதலில் என்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நமக்கு ஒன்றிலிருந்து வரிசையாகத்தானே சொல்லிக் கொடுத்தார்கள்? நான் இரண்டு, பத்து, ஐந்து என்று ஆரம்பிக்கிறேன். இரண்டை இரட்டித்தால் நான்கு, நான்கை இரட்டித்தால் எட்டு. அதன்பின் மூன்று, ஆறு, ஒன்பது. ஏழு கடைசி. அந்த வாரம் வந்ததும் பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதி, தெரிந்ததையெல்லாம் அவர்களையே அழிக்கச் சொல்வேன். மூவேழு மூன்றாம் வாய்ப்பாட்டில் திருப்பிப் போட்டு வந்தாயிற்று, எட்டேழும் வந்தாயிற்று. கடைசியில் பலகையில் நிற்பது ஏழேழு நாற்பத்தொன்பது மட்டும். "இவ்ளோதானா மிஸ்?" என்பார்கள். பத்துக்குப் பத்துக் கட்டத்தில் நூறு பெருக்கல் இருக்கிறது என்று மிரளும் பெற்றோருக்கும் இதைத்தான் காட்டுகிறேன். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து நான்கையும் எடுத்துவிட்டு, திருப்பிப் போட்டால் ஒன்றே என்பதையும் கழித்துவிட்டால் உட்கார்ந்து படிக்க வேண்டியது 21-தான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் போட்டி. அரைத்தாளில் பத்துப் பெருக்கல், மூன்று பொது அறிவுக் கேள்வி. முதல் ரேங்க், இரண்டாம் ரேங்க் கிடையாது. போன வாரத் தாளை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள், அதோடு ஒப்பிட்டுக்கொள்வதோடு சரி. கடிகாரமும் வைப்பதில்லை. எதிர்வீட்டு அம்மாளின் பேத்தி படிக்கும் பள்ளியில் நிறுத்துக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பெருக்கல் கொடுக்கிறார்களாம். அந்த நாள் காலையில் தவறாமல் அவளுக்கு வயிற்றுவலி. வேகம் தானாக வரும்டி. பயம் வந்துவிட்டால், தெரிந்த விடையும் தொண்டையோடு நின்றுவிடும்.

பொது அறிவு எதற்கு என்று நீ கேட்பாய். வெறும் எண்ணைப் பிள்ளைகள் அன்றைக்கே மறந்துவிடுகிறார்கள், ஏதாவது ஒன்றோடு ஒட்டிக்கொண்ட எண் நிற்கிறது. போன மாதம் திருக்குறளை எடுத்துக்கொண்டேன். 133 அதிகாரம், 1330 குறள் என்பது தமிழ்ப் பாடத்திலேயே அவர்களுக்குத் தெரியும். ஒரு குறளுக்கு ஏழு சீர், அப்படியானால் மொத்தம் எத்தனை சீர்? 9310. அது சுலபம். அடுத்த கேள்வி, 133 எந்த வாய்ப்பாட்டில் வரும்? பத்தோடு நிற்கிற பிள்ளைகளுக்குத் திகைப்பு. ஒருத்தி மட்டும் "எழுபதும் அறுபத்துமூணும் சேர்ந்தா வருது மிஸ்" என்றாள். ஏழு பத்து, ஏழொன்பது. ஆக ஏழு பத்தொன்பது! பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை நான் நடத்தவே இல்லை, அவளே வாசலைத் திறந்துவிட்டாள்.

அங்கிருந்து கன்னியாகுமரிக்குப் போனோம். 2000-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறந்த வள்ளுவர் சிலை. அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம் 38 அடி. பொருட்பால் 70, இன்பத்துப்பால் 25, இரண்டும் சேர்ந்து சிலை 95 அடி. 38 என்றால் ஈர்பத்தொன்பது, 95 என்றால் ஐந்து பத்தொன்பது. இரண்டும் ஐந்தும் ஏழு, மறுபடி அதே ஏழு பத்தொன்பது.

இன்னும் கேள். நம்ம ராமானுஜன் இதே திருவல்லிக்கேணியில் குடியிருந்தவர், 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்குச் சேர்ந்தவர் என்று சொல்லும்போது பிள்ளைகள் ஜன்னல் வழியே தெருவை எட்டிப் பார்ப்பார்கள். லண்டனில் நோயாகப் படுத்திருந்தபோது, பார்க்கப் போன ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டி தான் வந்த டாக்ஸியின் எண் 1729, சுவாரஸ்யமே இல்லாத எண் என்றாராம். இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார் இவர். கன எண் என்றால் ஒரே எண்ணை மூன்று முறை போட்டுப் பெருக்கினால் வருவது. பத்தின் கனம் 1000-மும் ஒன்பதின் கனம் 729-ம் ஒரு விதம், பன்னிரண்டின் கனம் 1728-ம் ஒன்றும் இன்னொரு விதம். ஒன்பதை மூன்று முறை பெருக்கி 729 கொண்டுவருவது நாலாம் வகுப்புக்குக் கைக்கெட்டும் வேலைதான். ஒரு ராத்திரி தூக்கம் வராமல் இந்த 1729-ஐ நான் வகுத்துப் பார்த்தேன். 133-ஐ 13-ஆல் பெருக்கினால் 1729! பத்து மடங்கு 1330, அதாவது மொத்தக் குறள். மூன்று மடங்கு 399. கூட்டிப் பார். விடியும் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனால் வகுப்பில் சொல்லும்போது, இது தற்செயல்தான், இதில் ரகசியம் ஒன்றும் இல்லை என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் யாராவது வள்ளுவருக்கே அப்போது தெரிந்திருந்தது என்று வாட்ஸப்பில் கிளப்பிவிடுவார்கள்.

பத்துக்குப் பத்து எடுக்கிறவர்களுக்குப் பரிசாகப் பென்சிலோ சாக்லேட்டோ இல்லை. அடுத்த வாரம் ஒரு கேள்வி கேட்கும் உரிமை. அதற்கு நடக்கிற அடிபிடியைப் பார்க்க வேண்டுமே! ஒருவன் பஸ் எண்களைக் கொண்டுவந்தான். 21ஜி என்றால் மூவேழு, 27டி என்றால் மூவொன்பது, 29சி? வகுப்பு முழுக்க விரல் மடக்கித் தேடி, "எதுலயும் வரல மிஸ், அந்த பஸ் தனியா நிக்குது" என்றது. பகா எண் என்ற பெயரை நான் இன்னும் சொல்லவில்லை. வரும் வகுப்பில் யாராவது சொல்லட்டும். இன்னொருத்தி அம்மா போடும் 15 புள்ளி, 8 வரை இடுக்குப் புள்ளிக் கோலத்தை நோட்டில் வைத்துக்கொண்டு வந்து, மொத்தம் எத்தனை புள்ளி என்றாள். நடுவில் 15, இரு பக்கமும் 14-லிருந்து 8 வரை. நீயே கூட்டிப் பார். வருகிற எண் எந்த எண்ணின் வர்க்கம் என்று எழுது, விடையை நான் சொல்லமாட்டேன். குகேஷ் 18 வயதில் 18-வது உலகச் சாம்பியன் ஆனதிலிருந்து எங்கள் பையன்களுக்குச் செஸ் கேள்வி கேட்காவிட்டால் தூக்கம் வராது. எட்டெட்டு அறுபத்துநாலை இந்த வருஷம் யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நம்ம வாத்தியார் பதினாறாம் வாய்ப்பாடு வரை விடாமல் கேட்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு 1957-ல் போய்விட்டது, நாம் பிறந்ததே அதற்கப்புறம்தான். அவர் மட்டும் பதினாறை விடவில்லை. என் தாத்தா அதற்கும் மேல், முக்கால் வாய்ப்பாடு, பதினாறில் ஒரு பங்கான மாகாணி வாய்ப்பாடு எல்லாம் சொல்வார். நாலரை முக்கால் எவ்வளவு என்றால் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே பதில் வரும். அதையெல்லாம் இப்போது பிள்ளைகள் தலையில் ஏற்றவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. இருபதாம் வாய்ப்பாடு வரை மனப்பாடம் வேண்டும் என்று வந்து நிற்கும் அப்பாக்களுக்கும் அதே பதில்தான்.

வேறென்ன? மெட்ரோவுக்காக மயிலாப்பூர்ப் பக்கம் தோண்டிப் போட்டிருப்பதில் கோயிலுக்குப் போய் வருவதே ஒரு யாத்திரை. ரவி வெளிநாட்டு வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டான், அவன் அப்பாவுக்கு உள்ளுக்குள் சந்தோஷம், வெளியே முறைப்பு. எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு. அதற்குமுன் டிசம்பர் 22, கணித தினத்தன்று, நாலு, ஐந்து இரண்டு வகுப்பையும் சேர்த்துப் பெரிய போட்டி ஒன்று நடத்தலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கேள்வித்தாளில் திருநெல்வேலிப் பக்கம் ஒன்றாவது இருக்க வேண்டும். நீ கடைக்குப் போகும்போது சுலோசன முதலியார் பாலத்தில் எத்தனை வளைவு என்று எண்ணி எழுது. ஈரடுக்குப் பாலத்தையும் விடாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு போ, ஆளுக்கு ஒரு தடவை எண்ணுங்கள். கணக்கு ஒத்து வந்தால் மட்டும் அனுப்பு.

அன்புடன்,
மீனாட்சி