பிறந்தநாளில் ரத்ததான முகாம் நடத்தும் தம்பிகளுக்கு

அன்புள்ள தம்பிகளே,

ரசிகர் மன்றத்துக்கு ஒன்று, கட்சி இளைஞரணிக்கு ஒன்று, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுத நினைத்தேன். விஷயம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்பதால் ஒரே மடலாகப் போடுகிறேன். என்னை உங்களுக்குத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. உங்களில் பாதிப் பேர் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள்தான்.

அந்தக் கடை முன்பு எஸ்.டி.டி. பூத். "பி பாசிட்டிவ் ஒரு பாட்டில் வேணுமாம், யாரையாவது பஸ் ஏத்தி விடு" என்று ஊருக்கு போன் போட்டு அழுபவர்களைத் தினமும் பார்ப்பேன். (பாட்டில் போய்ப் பை வந்து எத்தனையோ வருடம் ஆயிற்று, நம் வாயில் இன்னும் பாட்டில்தான்.) காசுக்கு ரத்தம் கொடுப்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் தடை வந்தது. அதுவரை ஆஸ்பத்திரி வாசலிலேயே ஆள் கிடைக்கும். போன வாரம் கொடுத்தவரே இந்த வாரம் வேறு பெயரில் வந்து நிற்பார். தடை நல்லதுதான், ஆனால் திடீரென்று வாசலில் யாரும் இல்லை. எனக்குத் தெரிந்த பதினோரு பேரின் பெயரையும் குரூப்பையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, போன் பக்கத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் சங்கம் அவ்வளவுதான். பதிவு எண், லெட்டர்பேடு, செயலாளர் பதவி எல்லாம் அப்புறம் வந்தவை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற பிறந்தநாளுக்கு நீங்கள் நடத்திய முகாமில் ஒரே நாளில் முந்நூறு பேருக்கு மேல் ரத்தம் கொடுத்தார்கள். நானும் வந்திருந்தேன், ஜூஸ் டம்ளர் கழுவினேன், சந்தோஷமாக இருந்தது. ஐம்பது நாள் கழித்து ஒரு ராத்திரி போன். பிரசவத்தில் ரத்தப்போக்கு, பி நெகட்டிவ் வேண்டும். நம் நாட்டில் நெகட்டிவ் வகை ரத்தம் உள்ளவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான், அதிலும் பி நெகட்டிவ் என்றால் விரல் விட்டு எண்ணலாம். என் நோட்டில் ஊருக்குள் நான்கு பேர். ஒருவர் வளைகுடாவில் இருக்கிறார். மற்ற மூன்று பேரும் சொன்ன பதில் ஒன்றே: "அண்ணே, தலைவர் பிறந்தநாளுக்குக் கொடுத்துட்டேனே." விடியற்காலை நான்கு மணிக்குப் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்து சேர்ந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பைக்கில் வந்தவருக்கு டயர் பஞ்சராகவில்லை, அவ்வளவுதான் எங்கள் சாமர்த்தியம்.

கணக்கைப் பாருங்கள். பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தால் அதிகபட்சம் 42 நாள். தட்டணுக்களுக்கு ஐந்தே நாள். கொடுத்த ஆண் மறுபடி கொடுக்க 90 நாள் ஆக வேண்டும், பெண் என்றால் 120. ஊரே ஒரே நாளில் கொடுத்துவிட்டால், 42ஆம் நாள் கையிருப்பு காலாவதி, 90ஆம் நாள் வரை கொடுக்க ஆள் இல்லை. இடையில் சரியாக 48 நாள், ஒரு மண்டலம். அந்த ஒரு மண்டலத்தில் விபத்து நிற்குமா, பிரசவம் நிற்குமா? தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை உள்ள குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், அது யார் பிறந்தநாளையும் பார்த்து வராது.

அதனால் முகாமுக்கு முன்னால் ரத்த மையத்துக்கு போன் போட்டு, எந்த குரூப்பில் எத்தனை தேவை என்று கேளுங்கள். அத்தனை பேரிடம் மட்டும் அன்று எடுக்கட்டும். மீதிப் பேரிடம் பெயர், குரூப், கைபேசி எண், கடைசியாகக் கொடுத்த தேதி வாங்கிக்கொண்டு, வாரத்துக்குப் பத்துப் பேராக அனுப்புங்கள். நெகட்டிவ்காரர்களை, மையமே கேட்டால் தவிர, முகாமில் படுக்க வைக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி மூடிவிடும், வெயிலுக்குப் பயந்து மற்றவர்களும் வரமாட்டார்கள். அப்போது ஒரு முகாம் வைத்தால் உங்கள் தலைவர் பெயரை டாக்டர்களே சொல்வார்கள். ஆள் சேர்ப்பது சுலபம், தம்பி. வந்து நிற்பவரிடம் "இன்னைக்கு வேண்டாம்ணே, கூப்பிடுறப்ப வாங்க" என்று சொல்லத்தான் எனக்குப் பல வருடம் பிடித்தது. சிலர் கோபித்துக்கொண்டு சங்கத்தை விட்டே போனார்கள்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. ரத்தம் கொடுப்பவருக்கு ஹெல்மெட், குக்கர் பரிசு என்று போஸ்டர் அடிக்காதீர்கள். எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, பால்வினை நோய், மலேரியா எல்லாம் பார்க்கிறார்கள். ஆனால் தொற்று வந்த புதிதில் சில நாள், சில வாரம்கூட, சோதனையிலும் தெரியாது. அந்த இடத்தில் நம்மைக் காப்பது, படிவத்தில் அவர் எழுதும் உண்மை மட்டும்தான். பரிசு ஒரு பக்கம், பெயரைக் குறித்துக்கொள்ளும் வட்டச் செயலாளர் ஒரு பக்கம் என்றால் யார் உண்மை எழுதுவார்? ஒருமுறை ஒரு பையன் என் காதருகே, "எனக்குக் கொடுக்கக் கூடாதுண்ணே, ஆனா மன்றத்துல திட்டுவாங்க" என்றான். ஹீமோகுளோபின் குறைவு என்று சொல்லிவிடு என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அப்படி நழுவுவதற்கு ஒரு வழியை ஒவ்வொரு முகாமிலும் திறந்து வையுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

எனக்கு 65 முடிந்துவிட்டது, இனிமேல் என்னிடம் ரத்தம் எடுக்கமாட்டார்கள். சங்கத்தையும் யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும். நோட்டு இப்போது பதினான்கு ஆகியிருக்கிறது, கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் வேண்டும். இறந்தவர்களின் பெயரை நான் அடிக்கவில்லை, பக்கத்தில் சிறிய புள்ளி வைத்திருக்கிறேன், அதைப் பார்த்து ஏற்றுங்கள்.

அடுத்த பிறந்தநாள் என்று வருகிறது என்று எனக்கும் தெரியும். ஒரு மாதம் முன்னாலேயே கடைக்கு வாருங்கள். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடை அண்ணன்