உப்பிக் கிடந்த கறுப்புப் பைகள்: டர்பன் (தென்னாப்பிரிக்கா) கோயில் நிர்வாகக் குழுவுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை நம் கோயில் சமையல்கட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். பருப்பு பாதி வெந்தபோது 48 கிலோ சிலிண்டர் தீர்ந்தது. கைவசம் இன்னொன்று இல்லை. இலை போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர்களுக்கு நாங்கள்தான் பதில் சொன்னோம். நீங்கள் மேடையில் நன்கொடையாளர்களுக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தீர்கள். சரி, அதுவும் நடக்கவேண்டியதுதான்.

அதே நேரம் பின்கட்டில் முந்தின வாரத்துக் கறுப்புப் பைகள் பதினொன்று உப்பிக் கிடந்தன. குப்பை லாரி வரவில்லை. குரங்குகள் வந்துவிட்டன. கிழித்த பைகளிலிருந்து புளித்த சோற்றுத் தண்ணீர் செருப்பு விடும் இடம் வரை வழிந்தது. விசேஷத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாங்கள் மூன்று பெண்கள் துடைத்தோம். அந்தச் சோற்றைக் காற்றுப் புகாத கலனில் அழுக விட்டிருந்தால், அடுப்பெரிக்கும் மீத்தேன் வாயு கிடைத்திருக்கும். அடுப்பில் கேஸ் இல்லை, குப்பையில் இருந்தது!

இரண்டு பொதுக்கூட்டங்களில் கேட்டதையே மறுபடி கேட்கிறேன்: அடுத்த புரட்டாசிக்குள் கோயில் பின்புறம், சோற்று மிச்சத்திலிருந்து எரிவாயு எடுக்கும் ஒரு சிறிய கலன் வையுங்கள்.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. ஜெர்மனியில் சாணம், பயிர், கழிவு இவற்றிலிருந்து இப்படி வாயு எடுக்கும் ஆலைகள் 9,000க்கு மேல் ஓடுகின்றன. கும்பாபிஷேகத்துக்கு நீங்கள் சிற்பிகளை வரவழைக்கும் இந்தியாவில், இந்தூரில் 2022இல் திறந்த ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்குப்பையை வாங்கி, பஸ் ஓட்டும் வாயுவாக்கக் கட்டப்பட்டது. அவ்வளவு தூரம் எதற்கு? நம் டர்பனிலேயே 2006இல் மரியான்ஹில் குப்பைமேட்டிலும், அப்புறம் பிசாசர் ரோட்டிலும் குழாய் இறக்கி, வாயுவை உறிஞ்சி மின்சாரம் எடுத்தார்கள். நான் கிளேர் எஸ்டேட்டில் வளர்ந்தவள். பிசாசர் ரோட்டு மேட்டின் வாடை எங்கள் சோற்றுத் தட்டு வரை வரும். அதை மூடச் சொல்லி எங்கள் பகுதியில் வாழ்ந்த சஜிதா கான் 2007இல் இறக்கும்வரை போராடினார். நாம் கட்டி அனுப்பும் பைகளும் யாரோ ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் போய் அழுகுகின்றன. மண்ணுக்கடியில் அழுகும் சோறு விடும் மீத்தேன், நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு பூமியைச் சூடாக்குமாம்.

"யாரோ வீட்டில் வைத்தார்கள், வேலை செய்யவில்லை" என்று பொருளாளர் சொன்னார். உண்மையாகவே இருக்கலாம். சனிக்கிழமை மிச்சம் முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் கலன் புளித்துப் படுத்துவிடும், நமக்கு அஜீரணம் வருவதுபோல. முதலில் மாட்டுச் சாணம் கரைத்து ஊற்றி, பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். வாழையிலை எளிதில் செரிக்காது, அதை உரக்குழியில் போடலாம். விளக்கேற்றிய எலுமிச்சை மூடிகளும் வேண்டாம். டர்பன் வெயில் இதற்குத் தோதானது.

விசேஷச் சமையல் முழுவதும் இதில் நடக்காது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு கன மீட்டர் வாயு சிலிண்டர் கேஸில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். ஆனால் தினப் பூஜைக்குப் பால் காய்ச்சலாம், பொங்கல் வைக்கலாம். மிஞ்சும் கரைசல் நம் சாமந்திச் செடிகளுக்கு.

பணம் இல்லை என்கிறீர்கள். வாசலில் ராத்திரியெல்லாம் மின்னும் நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்கு இருந்தது. வேண்டுமானால் கலன் மேலேயும் ஒரு பெயரை எழுதுங்கள், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலன் வைப்பதை அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமாக எடுங்கள், செலவுக் கணக்கோடு வருகிறேன். அதுவரைக்கும் சனிக்கிழமைகளில் பை தூக்க இரண்டு ஆண்களையாவது பின்கட்டுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சமையல்கட்டில் இருந்து ஒருத்தி