ஆறு அரசிகளும் ஓர் ஆலய ஆர்கனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலேயக் கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மேன், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து மன்னரின் அரசியரைப் பற்றி 1973-இல் வெளியிட்ட 'எட்டாம் ஹென்றியின் ஆறு மனைவியர்' என்னும் கீபோர்டு இசைத்தொகுப்பின் மறுபதிப்பை அண்மையில் பலமுறை கேட்டேன். பாடல் வரிகளே இல்லாத இப்படைப்பை வெறும் விரல்வேக ஆடம்பரம் என்று இளமையில் ஒதுக்கியது தவறு என உணர்கிறேன்.

அந்த அரசியரின் பெயர் தாங்கிய பகுதிகளுள் 'ஜேன் சீமோர்' பகுதிக்காக லண்டன் கிரிப்பிள்கேட்டில் உள்ள செயின்ட் கைல்ஸ் ஆலயத்தின் குழாய் ஆர்கனையே வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். காற்று நிரம்பி எழும் அந்த முழக்கத்தின் மேல் மூக் சின்தசைசர் என்னும் மின்னணு இசைக்கருவியின் கூரிய ஒலி ஏறிவரும்போது, நானூறு ஆண்டு இடைவெளி கொண்ட இரு காலங்கள் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்ப்பதுபோல் இருக்கிறது. 1536-இல் தலை துண்டிக்கப்பட்ட ஆன் பொலினுக்குரிய பகுதியோ பழைய மாலைத் துதிப்பாடல் ஒன்றின் மெட்டில் அடங்குகிறது. கேரள எல்லையோரக் களியக்காவிளையில், ஆலய ஆராதனையில் கால்மிதி ஹார்மோனியம் கேட்டு வளர்ந்த என்னை அந்த இடம் ஒவ்வொரு முறையும் கலங்கச் செய்கிறது. 'ஆன் ஆஃப் கிளீவ்ஸ்' மட்டும் இன்றும் நெரிசலாகவே ஒலிக்கிறது.

தங்கள் இசைப் பக்கத்தில் திரையிசைக்கு அப்பாற்பட்ட இத்தகைய வாத்தியப் படைப்புகளுக்கும் இடமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்