பதினான்காம் மாடிக்குக் கீழே

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மக்களே,

நீ வாங்க நினைக்கும் பதினான்காம் மாடி வீட்டுக்கென்று அனுப்பிய விளம்பரப் புத்தகத்தை அம்மாவும் நானும் பார்த்தோம். அம்மாவின் கண் நீச்சல்குளத்திலேயே நின்றுவிட்டது. என்னால் ஏழாம் பக்கத்து வரி ஒன்றைத் தாண்ட முடியவில்லை: 'ரிக்டர் 8 வரை தாங்கும்.' நாற்பது வருடம் அஸ்திவாரம் தோண்டிக் கட்டடம் எழுப்பியவன் சொல்கிறேன், அந்த வரிக்குப் பொருளே கிடையாது. ரிக்டர் எண் நிலநடுக்கம் பிறந்த இடத்தில் வெளிப்பட்ட சக்தியின் கணக்கு. உன் வீடு எவ்வளவு ஆடும் என்பது தூரத்தையும் ஆழத்தையும் பொறுத்தது. அதோடு காலடியில் கிடக்கும் மண்ணையும் பொறுத்தது. யமுனைக் கரையில் கட்டியிருப்பதால் அந்த மண்தான் என் கவலை.

வேளிமலை அடிவாரத்தில் நாம் இருந்த பழைய வீடு உனக்கு நினைவிருக்கும். முழங்கால் ஆழம் தோண்டினாலே கடப்பாரை 'டங்' என்று பாறையில் மோதும். குவாரியில் வெடி வைத்தால் அங்கே ஒரே ஒரு உதறல், அவ்வளவுதான். உன் அத்தை வீடு குவாரியிலிருந்து இரண்டு மடங்கு தூரம். ஆனால் ஏலாவை, அதாவது நெல்வயலை, நிரப்பிய மனை. வெடிச் சத்தம் அடங்கிய பிறகும் அவள் அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்துக்கொண்டே இருக்கும். (அந்த வீட்டு ஜன்னல் மூலையில் சாய்வாக ஓடும் விரிசலுக்கு நான்தான் பொறுப்பு. பழைய சேற்றை முழுக்க வாராமல் மேலே செம்மண்ணைக் கொட்டிவிட்டேன். அத்தை இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறாள்.)

காரணம் நம் கடலிலேயே இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை ஆழ்கடலில் விமான வேகத்தில் ஓடியபோது உயரமே இல்லை. குளச்சல் கரையை நெருங்கி வேகம் குறைந்ததும்தான் எழும்பியது. நிலநடுக்க அலையும் அப்படித்தான். கெட்டிப் பாறையில் விரைந்து வருவது தளர்ந்த மண்ணுக்குள் நுழைந்ததும் வேகம் இழக்கிறது, வீச்சு பெருகுகிறது. பிறகு அடியில் பாறைக்கும் மேலே தரைக்கும் நடுவே சிக்கி முன்னும் பின்னும் மோதுகிறது. தம்ளர்கள் அடங்காமல் இருந்தது அதனால்தான்.

1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் 8.0 அளவில் நிலம் நடுங்கியது. தலைநகரம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால். இங்கிருந்து கோடு பிடித்தால் திருச்சியைத் தாண்டிவிடும் தூரம். ஆனாலும் நகரத்தின் ஒரு பகுதி சரிந்தது. அந்தப் பகுதி பழைய ஏரிப் படுகை, தண்ணீர் ஊறிய களிமண். பக்கத்தில் கெட்டித் தரையில் இருந்த கருவிகள் பதிந்ததைப் போல நாலைந்து மடங்கு அதிர்வு அங்கே பதிவானது. அதிலும் அந்தக் களிமண்ணுக்கு என்று ஒரு தாளம் இருந்தது, இரண்டு விநாடிக்கு ஓர் ஆட்டம். கட்டடத்துக்கும் தாளம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி என்று தோராயமாகக் கணக்கு வைப்போம். தாழ்ந்த வீடுகள் பெரும்பாலும் தப்பின. ஆறு முதல் பதினைந்து மாடி வரை இருந்தவைதான் அதிகம் விழுந்தன. விரிசல் விட்டுத் தளரத் தளர அவற்றின் ஆட்டம் நீண்டு, மண்ணின் தாளத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. உன் கட்டடம் இருபத்திரண்டு மாடி. கணக்கை நீயே போட்டுப் பார்.

2025 பிப்ரவரி 17 விடியற்காலையில் டெல்லியையே மையமாகக் கொண்டு வந்த 4.0 நடுக்கத்தில் நீ பதறிப்போய்க் கூப்பிட்டாய். எனக்கு அதைவிட, 2023 மார்ச் 21 இரவு விளக்கு ஊஞ்சல்போல் ஆடியது என்று நீ சொன்னதுதான் மனதில் நிற்கிறது. அது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்துகுஷ் மலையில் பிறந்தது. தூரத்தில் இருந்து வருவதற்குள் வேகமான அதிர்வுகள் தேய்ந்து, மெதுவான நீண்ட ஆட்டம் மட்டும் மிஞ்சும். ஆழமான ஆற்று வண்டல் பெரிதாக்குவதும் அதைத்தான். ஆரவல்லிக் குன்றின் வால் ஓடும் டெல்லி ரிட்ஜ் பகுதியில் பாறை மேலேயே தெரிகிறது; யமுனைக்குக் கிழக்கே பல இடங்களில் பாறையைத் தொட நூறு மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். நம் நாட்டு நிலநடுக்க விதிநூலான ஐ.எஸ். 1893இன் 2016 பதிப்பு கூட, உயரமான கட்டடத்தை மென்மண்ணில் எழுப்பினால் பாறையில் எடுப்பதைப் போல 1.67 மடங்கு விசைக்கு வடிவமைக்கச் சொன்னது.

இன்னொன்று. சொத்தவிளைக் கடற்கரையில் ஈர மணலில் நின்று குதிகாலை ஆட்டி ஆட்டி, மணல் பளபளத்துக் கூழாகி, கணுக்கால் வரை புதைந்ததும் கத்திச் சிரிப்பாயே, அதேதான் 1964 நிலநடுக்கத்தில் ஜப்பானின் நீகாட்டாவில் நடந்தது. குடியிருப்புக் கட்டடங்கள் உடையாமல் முழுசாக மல்லாந்து சாய்ந்தன. தளர்ந்த மணலும் மேலோட்டமான நிலத்தடி நீரும் சேர்ந்த ஆற்றங்கரை எதற்கும் இது பொருந்தும்.

அங்கே வாங்காதே என்று சொல்ல வரவில்லை. மென்மண்ணிலும் ஒழுங்காகக் கட்டலாம், பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் அடித்தளத் தூண்) இறக்கிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். முன்பணம் கொடுப்பதற்கு முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேள். தர மறுத்தால் எழுந்து வந்துவிடு. தந்தால் மண்ணில் துளை போட்ட விவரம் உள்ள பக்கத்தைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பு. 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருந்தது என்று எண்ணி எழுதியிருப்பார்கள். நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே மணல் என்று போட்டு, அடி எண்ணிக்கை பத்தைத் தொடாமல் இருந்தால் பைல் எந்த ஆழம் வரை போகிறது என்று பார்க்க வேண்டும்.

கீழ்த்தளம் வெறும் தூண்களோடு கார் நிறுத்தும் இடமா என்பதையும் பார். 2001 ஜனவரி 26 பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல அப்படிப்பட்டவை.

மருமகன் 'ஒன்றும் ஆகாது மாமா' என்பார். அவர் நல்ல மனிதர், ஆனால் சமையலறைக் கல்லைத் தட்டிப் பார்த்து வீடு வாங்குகிறவர். அறிக்கையை நீயே போய்க் கேள்.

ஏத்தங்காய் வற்றல் இரண்டு கிலோ நாளைக் காலை பார்சலில் வருகிறது. பிரித்ததும் வேறு டப்பாவில் மாற்றிவிட வேண்டுமாம், அம்மா சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா